ஒரு கிலோ லேப்டாப்பும் கத்திரி வெயிலும்

பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் வந்துவிட்டால், திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கும் கூட்டத்தில் ஒரு தனி ரகத்தைப் பார்க்கலாம். சென்னையிலோ பெங்களூரிலோ வேலை முடிந்த கையோடு பஸ் ஏறியவர்கள். கம்பெனி அடையாள அட்டையைக்கூடச் சிலர் கழுத்திலிருந்து கழற்றியிருக்க மாட்டார்கள். இரண்டு ஊரும் இங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். பௌர்ணமி ராத்திரியில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால் முதுகுப் பையோடேயே நடக்கத் தொடங்கிவிடுவார்கள். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். இந்திர லிங்கத்தில் இரு தோளிலும் ஒழுங்காக மாட்டியிருந்த பை, நிருதி லிங்கம் வருவதற்குள் ஒற்றைத் தோளுக்கு வந்திருக்கும். குபேர லிங்கத்தில் நெஞ்சுப் பக்கம் தொங்கும். உள்ளே கனப்பது பெரும்பாலும் லேப்டாப்தான்.

அது 2.2 கிலோவாக இல்லாமல் ஒரே கிலோவாக இருந்தால் நடப்பவருக்கு என்ன மிச்சம்? கணக்குப் போட்டால் ஏமாற்றமாக இருக்கும். சமதரையில் நடக்கும்போது ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் நகர்த்த ஏறத்தாழ அரை கிலோகலோரி செலவாகிறது என்பது தோராயம். 1.2 கிலோ குறைந்தால் மலையை முழுதாகச் சுற்றி வருவதற்குள் மிச்சமாவது எட்டரை கிலோகலோரிக்குள். வழியில் குடிக்கும் ஒரு டீயின் சர்க்கரையில் கால்வாசி.

தோள் போடும் கணக்கு வேறு. பை உடலைப் பின்னுக்கு இழுக்கிறது. அதைச் சமன்செய்ய முன்னுக்குச் சாய்கிறோம். கழுத்தும் தோளும் சேரும் இடத்திலுள்ள தசை மணிக்கணக்காக இறுகியே இருக்கிறது. இறுகிய தசைக்குள் ரத்த ஓட்டம் குறைகிறது, வலி எடுக்கிறது. ஒற்றைத் தோளில் மாட்டினால் இன்னும் மோசம். கலோரியில் தெரியாத ஒரு கிலோ, கழுத்தில் நன்றாகவே தெரியும். செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் நின்றுகொண்டே பஸ்ஸில் கல்லூரிக்கு வருகிற மாணவிக்கு இது மாதத்துக்கு ஒருநாள் விவகாரம் இல்லை, தினசரிப் பாடு.

எடை பார்க்கும்போது சார்ஜரை மறந்துவிடுகிறோம். விளம்பரத்தில் வரும் எண்ணில் சார்ஜர் சேராது. பழைய செங்கல் பாணி சார்ஜர், ஒயரோடு சேர்த்து 300 கிராம் தாண்டும். சிலிக்கானுக்குப் பதில் காலியம் நைட்ரைடு குறைகடத்தியில் செய்த புதிய 65 வாட் சார்ஜர்கள் உள்ளங்கைக்குள் அடங்கும். எடை அதில் பாதிக்கும் கீழே. லேப்டாப் மாற்றக் காசில்லாதவர், டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறும் லேப்டாப் வைத்திருந்தால், சார்ஜரை மட்டும் மாற்றியே பையில் 150 கிராமுக்கு மேல் குறைத்துவிடலாம்.

சரி, இந்த எடையெல்லாம் எங்கே போயிற்று? 1981-இல் வந்த ஆஸ்போர்ன் 1, கையில் தூக்கிச் செல்லத்தக்க கணினி என்று விற்கப்பட்டது. எடை 11 கிலோவுக்கு மேல். தூக்க முடிந்தது உண்மைதான், ஆனால் தையல் மிஷினையும் தூக்கலாம். 2008 ஜனவரியில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பழுப்புக் காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏரை உருவிக் காட்டினார்: 1.36 கிலோ. 2011-இல் இன்டெல் நிறுவனம் 'அல்ட்ராபுக்' என்ற பெயரை முன்வைத்து, 20 மில்லிமீட்டருக்குள் தடிமன், ஆயிரம் டாலருக்குள் விலை என்று மற்ற கம்பெனிகளையும் அந்த வழிக்கு இழுத்தது.

அதே 2011-இல், செப்டம்பர் 15 அன்று, தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசு நிறுவனமான எல்காட் மொத்தமாகக் கொள்முதல் செய்து, அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தது. முதல்முறையாக வீட்டுக்குள் ஒரு கணினி வந்த குடும்பங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஏராளம். அவை அந்தக் காலத்து லேப்டாப்கள்: சுழலும் ஹார்ட் டிஸ்க், தாராளமான பிளாஸ்டிக், பின்பக்கம் இரண்டு ஸ்குரூ கழற்றினால் ரேம். கனமானவைதான். அவற்றின் கனத்தில் ஒரு நியாயம் இருந்தது; அதற்குப் பிறகு வருகிறேன்.

அப்படி ஒரு பழைய லேப்டாப்பைக் கழற்றிப் பார்த்தால் எடைக் குறைப்பின் கதை பாகம் பாகமாகத் தெரியும். டிவிடி டிரைவ் இருந்தால் அதுவே ஏறத்தாழ 150 கிராம். இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க் 100 கிராமைத் தொடும். அதன் இடத்தைப் பிடித்த எஸ்.எஸ்.டி., சூயிங்கம் பட்டை அளவில் பத்து கிராமுக்குள். ஆனால் உண்மையான வில்லன் பேட்டரி. அதன் எடையைவிட வடிவம்தான் தொல்லை. பழைய பேட்டரிக்குள் உருளை வடிவ செல்கள் ஆறு இருக்கும், ஒவ்வொன்றும் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். செல்லே 18 மில்லிமீட்டர் என்றால் லேப்டாப் அதைவிட எப்படி மெலியும்? லித்தியம் செல்லை உருளையிலிருந்து எடுத்து, வெள்ளி நிறப் பைக்குள் தட்டையாக அடைத்த பிறகுதான் லேப்டாப் மெலிந்தது. இன்றைய ஒரு கிலோ லேப்டாப்பின் அடித்தட்டைத் திறந்தால், உள்ளே ஏறத்தாழப் பாதி இந்தத் தட்டைப் பைகள்தான். மதர்போர்டு ஒரு ஓரத்தில் கைக்குட்டையை மடித்து வைத்ததுபோல் ஒடுங்கிக் கிடக்கும்.

மீதி வேலையை உலோகம் செய்கிறது. மிக இலகுவான லேப்டாப்கள் பலவற்றின் உடல் மெக்னீசியக் கலவையால் ஆனது. கடையில் தொட்டுப் பார்ப்பவர்கள் அதைப் பிளாஸ்டிக் என்றே நினைப்பார்கள், "இந்த விலைக்குப் பிளாஸ்டிக்கா?" என்று முகம் சுளிப்பார்கள். மெக்னீசியத்தின் அடர்த்தி அலுமினியத்தில் மூன்றில் இரண்டு பங்குதான்: 1.74-க்கு 2.7. விறைப்பிலும் அது அலுமினியத்தைவிடக் குறைவு. அப்படியிருக்க ஏன் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? ஒரு தகடு வளையாமல் நிற்கும் திறன், தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. அதே எடைக்கு மெக்னீசியத் தகட்டை ஒன்றரை மடங்கு தடிமனாகச் செய்யலாம். ஒன்றரையின் மும்மடி மூன்றைத் தாண்டிவிடுகிறது. உலோகத்தின் விறைப்புக் குறைவைக் கழித்த பிறகும், சம எடையில் மெக்னீசியத் தகடு அலுமினியத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் வளையாமல் நிற்கும். எல்.ஜி.யின் கிராம் வரிசை 2014-இல் 13 அங்குலத் திரையோடு 980 கிராமில் வந்ததும், ஜப்பானின் ஃபுஜிட்சு பின்னாளில் 700 கிராமுக்கும் கீழே இறங்கியதும் இந்த மாதிரி உலோக, கார்பன் இழைக் கணக்குகளால்தான். இருந்தும், தகடு மெல்லியது என்பதால் ஒற்றை விரலால் அழுத்தினால் மூடி லேசாக உள்வாங்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

இதுவரை எல்லாம் லாபம். இனிமேல்தான் திருவண்ணாமலை வருகிறது.

அக்னித் தலம் என்று பெயர் பெற்ற ஊர் இது. மே 4 வாக்கில் கத்திரி பிறந்து மாதக் கடைசி வரை நீடிக்கும். வெயில் 40 டிகிரியைத் தொடுவது இங்கே செய்தியாகாது. பகலெல்லாம் காய்ந்த பாறை மலை, ராத்திரியிலும் அனலை விட்டுக்கொண்டிருக்கும். ஏ.சி. இல்லாத, ஷீட் போட்ட மாடி அறையில் பிற்பகல் மூன்று மணிக்கு 40 டிகிரி என்பது மிகைப்படுத்தல் இல்லை. ஆப்பிள் தன் மேக்புக்குகளை 10 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது. மற்ற கம்பெனிகள் பலவும் 35-ஐயே வரம்பாக வைத்திருக்கின்றன. அப்படியானால் கத்திரியில் இங்கே பல வீடுகள், பகலில் சில மணி நேரம், லேப்டாப்பின் அதிகாரபூர்வ உலகத்துக்கு வெளியே இருக்கின்றன.

லேப்டாப் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் கடைசியில் முழுதும் வெப்பமாகவே வெளியேறியாக வேண்டும். விசிறி இல்லாத மெல்லிய லேப்டாப்பில் அதற்கு ஒரே வழி அதன் மேல்தோல். உடல் சூடாகி, சுற்றியுள்ள காற்றுக்கு வெப்பத்தைக் கொடுக்கிறது. எவ்வளவு கொடுக்கும்? 14 அங்குல லேப்டாப்பின் கீபோர்டு பக்கப் பரப்பு ஏறத்தாழ 0.07 சதுர மீட்டர். மேசைமேல் இருந்தால் அடிப்பக்கம் பாதிதான் உதவும். அசையாத காற்றில், ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஏறத்தாழ 10 வாட் வெளியேறும். எல்லாவற்றையும் பெருக்கினால் நினைவில் வைக்க எளிதான ஒரு விடை கிடைக்கிறது: காற்றுக்கும் லேப்டாப்புக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் ஒரு வாட்.

அந்த உடல் எவ்வளவு சூடாகலாம்? கை வைத்து வேலை செய்ய வேண்டும் என்பதால் 45 டிகிரியை ஒட்டி நிறுத்தியாக வேண்டும். ஏ.சி. அறையில் 25 டிகிரி என்றால் 20 டிகிரி வித்தியாசம், 20 வாட் வெளியேற்றலாம். ஷீட் போட்ட அறையில் 40 டிகிரி என்றால் வித்தியாசம் வெறும் ஐந்து. ஐந்தே வாட். லேப்டாப்பின் விலை மாறவில்லை, சிப் மாறவில்லை. அது செலவழிக்கக்கூடிய ஆற்றல் கால்வாசியாகிவிட்டது.

விசிறி வைத்த லேப்டாப்பின் நிலைமை இவ்வளவு மோசமில்லை. அதில் காற்று நேராகச் செப்புக் குழாய்க்கும் அதன் துடுப்புகளுக்கும் போகிறது, சிப்பின் வெப்பம் உங்கள் கையைத் தொடாமலே வெளியேறுகிறது. சிப் 100 டிகிரி வரை தாங்கும். 25 டிகிரி அறையில் அதற்கு 75 டிகிரி வித்தியாசம் கையிருப்பு. 40 டிகிரி அறையில் 60. ஐந்தில் ஒரு பங்குதான் நஷ்டம். நடைமுறையில் இரண்டு கணக்கிலும் சில்லறை வித்தியாசங்கள் வரும், ஆனால் போக்கு மாறாது. விசிறியின் அருமை ஏ.சி. அறையில் தெரியாது. கத்திரியில் தெரியும்.

வெப்பம் கூடினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இங்கே இலகு லேப்டாப்புக்குச் சாதகமாக ஒரு இயற்பியல் உண்மையைச் சொல்லியாக வேண்டும். சிப்பின் வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். மின்செலவோ அழுத்தத்தின் இருமடியோடும் வேகத்தோடும் சேர்ந்து பெருகுகிறது. ஆக, மின்செலவு வேகத்தின் மும்மடியை ஒட்டி ஏறுகிறது. இதைத் தலைகீழாகப் படித்தால், ஆற்றலைக் கால்வாசியாகக் குறைத்தாலும் வேகம் அறுபது சதவீதத்தை ஒட்டியே நிற்கும். அழுத்தத்தை ஓர் எல்லைக்குக் கீழே இறக்க முடியாது என்பதால் நிஜத்தில் கொஞ்சம் கூடுதலாகவே குறையும், அவ்வளவுதான். டைப் அடிக்கவும் பாடக் காணொளி பார்க்கவும் இணையத்தில் தேடவும் ஐந்தாறு வாட்டே போதும். அந்த வேலைகளில் கத்திரியும் மார்கழியும் ஒன்றுபோலத்தான் தெரியும். வீடியோ எடிட்டிங், பெரிய புரோகிராம்களைக் கம்பைல் செய்வது, முப்பரிமாண வரைபடம் போன்ற வேலைகளில்தான் லேப்டாப் மூச்சு வாங்கும்.

கடையில் இதெல்லாம் தெரியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கனமான இரும்புத் தோசைக்கல் சூடேற நேரம் எடுக்கும், மெல்லிய தகடு உடனே காய்ந்துவிடும் அல்லவா? அப்படித்தான் லேப்டாப்பின் உடலும். 300 கிராம் அலுமினியம் ஒரு டிகிரி சூடேற 270 ஜூல் வேண்டும். வெளியேற்ற முடிகிற அளவைவிடப் பத்து வாட் கூடுதலாகச் செலவழித்தால், 27 விநாடிக்கு ஒரு டிகிரி. ஏற்கெனவே லேசாகச் சூடாக இருக்கும் உடல் ஐந்தாறு நிமிடத்தில் வரம்பைத் தொட்டுவிடும். அதுவரை முழு வேகம். ஏ.சி. ஷோரூமில் மூன்று நிமிடம் தட்டிப் பார்க்கிறவருக்குக் கிடைப்பது அந்த முதல் ஐந்து நிமிடத்தின் லேப்டாப். 2020-இல் ஆப்பிள் ஒரே எம்1 சிப்பை விசிறி இல்லாத ஏரிலும் விசிறி உள்ள புரோவிலும் வைத்தது. சிறு வேலைகளில் இரண்டும் சமமாக ஓடின. பல நிமிடம் தொடர்ந்து உழைக்கும் வேலையில்தான் புரோ முந்தியது.

விசிறிக்கு எதிராகவும் பேச வேண்டும். அது காற்றோடு புழுதியையும் உள்ளே இழுக்கும். பிரதான சாலையோர வீட்டில் இரண்டு ஆண்டு ஓடிய லேப்டாப்பைத் திறந்தால், துடுப்புகளின் வாயில் சாம்பல் நிறக் கம்பளிபோல் தூசி படிந்திருக்கும். அதை ஊதித் தள்ளி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாகத் தடவினால் பாதி சர்வீஸ் புகார்கள் தீர்ந்துவிடும். விசிறி இல்லாதவற்றில் இந்தத் தொல்லையே கிடையாது. மேலும், மேலே சீலிங் ஃபேன் சுற்றினால் ஒரு டிகிரிக்கு ஒரு வாட் என்ற கணக்கு ஒன்றரை, இரண்டு வாட்டாகக்கூட உயரும். லேப்டாப்புக்குள் இல்லாத விசிறியை வீட்டுக்கூரை கொடுக்கிறது. மெத்தை மேலோ தலையணை மேலோ வைத்தால் அந்த லாபமெல்லாம் போய்விடும்.

தூசி மெல்லிய கீபோர்டுகளையும் விடவில்லை. 2015-இல் ஆப்பிள் 0.92 கிலோவில் ஒரு 12 அங்குல மேக்புக்கைக் கொண்டுவந்தது. தடிமனைக் குறைக்க, 'பட்டாம்பூச்சி' என்ற புது அமைப்பில் சாவிகள். ஒரு துகள் சிக்கினாலும் எழுத்து விழாது, அல்லது இரண்டு முறை விழும். புகார்கள் வழக்காகி, 2022-இல் 5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. இப்போது ஆப்பிளே பழைய அமைப்புக்குத் திரும்பிவிட்டது. தமிழ்99 தட்டச்சு முறையில் வேகமாக அடிப்பவர்கள் வாங்குவதற்கு முன் ஒரு பத்தி அடித்துப் பார்ப்பது நல்லது. ஒரு மில்லிமீட்டரே இறங்கும் சாவி எல்லா விரலுக்கும் ஒத்துவராது.

உலோக உடலுக்கு நம் ஊரில் இன்னொரு விசித்திரம் உண்டு. சார்ஜ் போட்டபடி, செருப்பில்லாமல் சிமென்ட் தரையில் கால் வைத்து, மணிக்கட்டின் உட்புறம் லேப்டாப்பின் விளிம்பில் பட்டால், ஜிவ்வென்று ஒரு கூச்சம் ஏறும். விரலால் தடவினால் உலோகம் சொரசொரப்பாக அதிர்வதுபோல் இருக்கும். பல பேர் இதை 'எர்த்' அடிக்கிறது என்பார்கள். எர்த் இல்லாததால்தான் அடிக்கிறது. சார்ஜருக்குள் மின்காந்த இரைச்சலை அடக்க, 230 வோல்ட் பக்கத்துக்கும் லேப்டாப் பக்கத்துக்கும் நடுவே ஒரு சிறு மின்தேக்கி இருக்கிறது. அதன் வழியாக மில்லியாம்பியரில் ஒரு சிறு பின்ன அளவு மின்சாரம் எப்போதும் கசியும். மூன்று முனை பிளக்கும் வீட்டில் ஒழுங்கான எர்த்தும் இருந்தால் கசிவு தரைக்குப் போய்விடும். இரண்டு முனை சார்ஜர் என்றாலோ, பழைய வீட்டில் மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இல்லை என்றாலோ, அது உங்கள் வழியாகப் போகிறது. அசல் சார்ஜரில் இது ஆபத்தில்லாத அளவு. போலி சார்ஜரில் அப்படி உறுதி சொல்ல முடியாது. பிளாஸ்டிக் உடம்பு கொண்ட பழைய அரசு லேப்டாப்பில் இந்தக் கூச்சத்தை யாரும் அறிந்ததில்லை.

அடுத்தது பேட்டரி. வெப்பத்தோடு முழு சார்ஜும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி வேகமாகக் கிழடாகிறது. பேட்டரித் துறையில் பரவலாகப் புழங்கும் ஓர் அட்டவணைப்படி, 25 டிகிரியில் 40 சதவீதச் சார்ஜில் ஓராண்டு வைத்திருந்தால் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். 40 டிகிரியில் முழு சார்ஜில் வைத்திருந்தால் 65. வருடம் முழுவதும் இங்கேயும் 40 டிகிரி இல்லைதான். ஆனாலும் திசை தெளிவு. பகல் முழுக்க பிளக்கில் சொருகியே கிடக்கும் லேப்டாப், வெயில் விழும் ஜன்னலோரம், மூடிய காருக்குள் பை எல்லாம் ஒரே பக்கம் தள்ளுகின்றன. உருளை செல்லுக்கு எஃகுச் சட்டை இருந்தது, அழுத்தத்தை ஓரளவு தாங்கும். தட்டைப் பை செல்லில் உள்ளே வேதிப்பொருள் சிதைந்து வாயு உண்டானால், பை அப்பளம்போல உப்பிவிடும். முதல் அறிகுறி டச்பேடில் தெரியும்: கிளிக் ஆகாது, ஒரு ஓரம் மேலெழும். அடுத்து மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடும். அந்தக் கட்டத்தில் சார்ஜ் போடாமல் அணைத்துவிட்டு, நேராகச் சர்வீஸுக்குக் கொண்டுபோக வேண்டும். குத்தக் கூடாது, அமுக்கக் கூடாது.

இத்தனை சொன்ன பிறகும் இலகு லேப்டாப்பை நான் கைவிடமாட்டேன். அதன் மிகப் பெரிய பலம் எடைகூட இல்லை, சிக்கனம். எடையைக் குறைக்கச் சிறு பேட்டரி வைத்தார்கள், சிறு பேட்டரிக்காகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிப் செய்தார்கள். 50 வாட்-மணி பேட்டரி, ஆறு வாட் செலவு என்றால் எட்டு மணி நேரம். கரண்ட் கட் ஆன பிற்பகலில், வைஃபை இல்லாவிட்டால் போனின் ஹாட்ஸ்பாட் போட்டு, மாலை வரை வேலை ஓடும். பேட்டரி தீர்ந்தாலும், டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறும் என்றால், லேப்டாப்புக்கு வேண்டிய வாட்டைக் கொடுக்கக்கூடிய 20,000 மில்லியாம்பியர்-மணி பவர் பேங்க் கைகொடுக்கும். அதற்குள் 74 வாட்-மணி இருக்கிறது. சேதாரம் போக ஒரு முழு சார்ஜ் தேறும். ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரிலிருந்து வரும் மாணவனுக்கு இது வசதி என்பதைவிடத் தேவை. ரமண நகர்ப் பக்கம் மாடி வராந்தாவில் உட்கார்ந்து வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை செய்பவர்களுக்கும் அப்படியே. அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும்: ஒரு கிலோ என்பது குரங்குக்கும் தூக்க எளிது.

இப்போது அந்தப் பழைய கனத்தின் நியாயத்துக்கு வருகிறேன். அரசு லேப்டாப்கள் பல இன்னும் ஓடுவதற்குக் காரணம், அவற்றைத் திறக்க முடிந்தது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டார்கள், இன்னொரு ரேம் சேர்த்தார்கள், பேட்டரியைக் கழற்றி மாற்றினார்கள். சிறு ஊர் சர்வீஸ் கடையில் அரை மணி நேர வேலை. அண்ணன் படித்ததைத் தங்கை எடுத்துக்கொண்டாள். ஸ்லாட், ஸ்குரூ, கொக்கி, தனிப் பெட்டி எல்லாமே எடைதான், எல்லாமே மறுவாழ்வும்தான். மெல்லிய லேப்டாப்களில் ரேம் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். இதில் கம்பெனிகளின் பேராசை மட்டும் காரணம் என்று சொல்வது நியாயமில்லை. குறைந்த அழுத்தத்தில் அதிவேகமாக ஓடும் ரேம், சிப்புக்கு மிக அருகில் இருந்தாக வேண்டும். நடுவில் நீண்ட பாதையும் ஸ்லாட்டும் வந்தால் சிக்னல் கெடும். மின்சிக்கனத்துக்குக் கொடுத்த விலை அது. விளைவு என்னவோ ஒன்றுதான்: வாங்கிய அன்று 8 ஜிபி என்றால் சாகும்வரை 8 ஜிபி. ஒரு ரேம் சிப் பழுதானால் மதர்போர்டே மாற்ற வேண்டும். அந்தச் செலவுக்குப் பழைய லேப்டாப் ஒன்றையே வாங்கிவிடலாம். எஸ்.எஸ்.டி.யும் பற்றவைக்கப்பட்ட மாடல் என்றால் போர்டோடு கல்யாண போட்டோவும் புராஜெக்ட்டும் போகும்.

இதற்கு ஒரு மாற்று வந்திருக்கிறது. ரேமை ஸ்குரூ போட்டு மதர்போர்டில் தட்டையாக அழுத்தி வைக்கும் அமைப்பை, தரநிர்ணய அமைப்பான ஜெடெக் 2023 டிசம்பரில் வெளியிட்டது. 2024-இல் லெனோவாவின் திங்க்பேட் வரிசை லேப்டாப் ஒன்றில் அதன் மின்சிக்கன வடிவம் வந்தும்விட்டது. சிப்புக்கு அருகிலும் இருக்கும், கழற்றவும் முடியும். ஆனால் மலிவு விலை லேப்டாப்களுக்கு அது இன்னும் இறங்கிவரவில்லை.

2025-26 மாநில பட்ஜெட், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தரப்போவதாக அறிவித்தது. இப்படி மொத்தமாக வாங்கும்போது எடையையும் விலையையும் மட்டும் பார்த்தால் போதாது. 40 டிகிரி அறையில் அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தார்களா, பேட்டரியை உள்ளூர்க் கடையில் மாற்ற முடியுமா என்ற இரண்டு கேள்விகளையும் டெண்டரில் சேர்த்தால் எனக்குத் திருப்தி.

சொந்தக் காசில் வாங்குகிறவருக்கு என் கருத்து இதுதான். எழுத்து, படிப்பு, கணக்குவழக்கு, ஆன்லைன் வகுப்பு என்றால் விசிறி இல்லாத ஒரு கிலோ லேப்டாப் இந்த ஊருக்குக்கூடத் தாராளமாகப் போதும். புழுதியும் ஏறாது, சத்தமும் வராது. புரோகிராமிங், எடிட்டிங், பொறியியல் படிப்பு என்றால் 1.3, 1.4 கிலோவில் விசிறி உள்ளதைப் பாருங்கள். அந்த முந்நூறு கிராமில்தான் கத்திரியைத் தாங்கும் சரக்கு இருக்கிறது. ரேம் பற்றவைத்தது என்றால் 16 ஜிபிக்குக் கீழே வேண்டாம், எஸ்.எஸ்.டி. தனியாகக் கழற்ற வருமா என்று கேட்டுவிடுங்கள். கல்லூரி செமினார் ஹாலின் புரொஜெக்டருக்கு எச்.டி.எம்.ஐ. துளை வேண்டும், இல்லாவிட்டால் ஒரு அடாப்டரையும் சேர்த்து வாங்கிப் பையின் எடையில் கூட்டிக்கொள்ளுங்கள். சார்ஜர் மூன்று முனையா என்று பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே, கம்பெனியின் சொந்த மென்பொருளில் இருக்கும் பேட்டரி அமைப்பைத் திறந்து, சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படி வைத்துவிடுங்கள். பெரும்பாலான புது மாடல்களில் அந்த வசதி இருக்கிறது. வெளியூர் கிளம்புகிற நாளைக்கு மட்டும் நூறு வரை ஏற்றிக்கொண்டால் போதும்.